எதையும் தாங்காத சுவரை யார் தாங்குவது?



நம்ம கோயில் அன்னதான மண்டபத்தோட பின்சுவர் வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டின நாளிலிருந்து தொண்டர் குழுவுக்கு ஒரே கேள்விதான் வருது. "கூரை இரும்புத் தூண் மேலதானே நிக்குது? சுவரு எதையும் தாங்கலையே. அப்புறம் எதுக்கு நடுவில் இத்தனை கான்கிரீட் தூண், மேலே ஒரு பீம், கல்லுக்கு நடுவில் கம்பி வலை? அந்தக் காசுக்குத் தரையில் நல்ல டைல்ஸ் போடலாமே?"

நியாயமான கேள்வி. கேட்டவங்க கோயில் காசு வீணாகக் கூடாதேங்கிற அக்கறையில்தான் கேட்டாங்க. அதனால ஒரு வரியில் பதில் சொல்லாம, கொஞ்சம் வரலாற்றோடு சேர்த்து எழுதுறோம். பதிவு நீளம்தான். பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். கூரை கீழ்நோக்கி அழுத்தும். காற்று பக்கவாட்டில் தள்ளும். ரெண்டும் வேற வேற வேலை. கூரையைத் தாங்காத சுவருக்கு வேலையே இல்லைன்னு நினைக்கிறது தப்பு. உண்மை என்னன்னா, மேலே பாரம் இருக்கிற சுவரை அந்தப் பாரமே அழுத்திப் பிடிச்சு நிறுத்தும். அடுக்கி வைத்த பெட்டிகள் மேல கனமான பொருளை வைத்தால் அடுக்கு சுலபமா சாயாது இல்லையா, அது போல. மேலே ஒண்ணும் இல்லாத சுவருக்கு அந்தப் பிடிப்பும் கிடையாது. காற்று அடிச்சா அதைப் பிடிச்சு நிறுத்த வேற யாராவது வேணும்.

அந்தக் காலத்துச் சுவருக்கு இந்தக் கவலை இல்லை. ஏன்னா அது தன் கனத்திலேயே நின்னது.

சிங்கப்பூரின் செங்கல் வரலாற்றை எடுத்தா, நம்ம ஆள் ஒருத்தர் பெயரில் இருந்துதான் தொடங்கணும். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். அங்கே முதல் செங்கல் சூளை அவருடையதுதான்னு சொல்றாங்க. கொத்தனார், தச்சர் வேணும்னு பினாங்குக்குச் சொல்லி அனுப்பினார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-ல் மரமும் அத்தாப்புமா எழுந்தது. செங்கல் கட்டடம் 1843-ல்தான் வந்தது.

1850-களில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிகளை வைத்துக் கட்டினாங்க. உள்சுவர்ப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை எல்லாம் சேர்த்து இடிச்சு, தேங்காய் மட்டை ஊறின தண்ணியில் கலந்து பூசின பூச்சு அது. இன்னிக்கு அந்தச் சுவருங்க நிக்குறதைப் பார்த்துட்டு "அந்தக் காலத்துக் கலவை போல வருமா"ன்னு நாம பேசுறோம். கலவை நல்லதுதான். ஆனா சுவர் நிக்குறதுக்கு முதல் காரணம் அதோட கனம்.

கோலாலம்பூர் கதையும் அப்படித்தான். 1881 ஜனவரியில் ஊர் தீப்பிடிச்சு எரிஞ்சது. அதே வருஷம் டிசம்பர்ல வெள்ளம். மரம், அத்தாப்பு வீடுங்க போயிடுச்சு. அதுக்கப்புறம் சிலாங்கூர் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம், செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாத்தான் கட்டணும்னு கட்டாயப்படுத்தினார். அந்தத் தேவைக்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். இன்னிக்கு நாம பூமாலையும் பூஜைச் சாமானும் வாங்கப் போற அதே இடம். பெயரிலேயே செங்கல் இருக்கு.

அந்தக் காலத்துக் கடைவீடுகளைக் கவனிச்சுப் பாருங்க. அஞ்சடியில் நடக்கும்போது தெரியும். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பொதுச்சுவர் தடிமனா இருக்கும். மாடித் தரையைத் தாங்குற மரச்சட்டங்க அந்தச் சுவரில் இருந்து இந்தச் சுவருக்குப் போகும். சட்டம் சுவரை அழுத்துது, பக்கத்து வீடு சுவருக்கு முட்டுக் கொடுக்குது. வரிசையா இருபது வீடும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. தனியா நிக்குற சுவர்னு அங்கே எதுவும் இல்லை.

பிறகு சுவர் மெலிஞ்சது. அதுக்குக் காரணம் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் நடந்த மாற்றம். 1885 வாக்கில் அங்கே ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் எழுந்தது. வில்லியம் லெ பாரன் ஜென்னிங்கிறவர் வடிவமைச்சது. பாரத்தை இரும்புச் சட்டகம் தாங்கும், சுவர் வெறும் மறைப்புங்கிற வழியை அந்தக் கட்டடம்தான் பெரிசா திறந்துவிட்டதுன்னு சொல்வாங்க. பழைய வழி எவ்வளவு பாரமானதுன்னு தெரியணும்னா அதே ஊரில் 1891-ல் முடிஞ்ச மொனாட்நாக் கட்டடத்தின் வடக்குப் பாதியைப் பார்க்கணும். செங்கல் சுவரே பாரம் தாங்கும் 16 மாடி. அடியில் சுவரோட தடிமன் 6 அடி. ரெண்டு வருஷம் கழிச்சு அதே கட்டடத்துக்குத் தெற்குப் பாதி சேர்த்தப்போ இரும்புச் சட்டகத்துக்கு மாறிட்டாங்க.

அதுக்கப்புறம் உலகம் முழுக்க கான்கிரீட் தூண், பீம், நடுவில் மெல்லிய சுவர்னு ஆயிடுச்சு. நம்ம தாமான் வீடு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, மண்டபம் எல்லாம் இப்படித்தான். நடுவில் அடைக்கிற சுவர் பெரும்பாலும் அரைக்கல் சுவர். நாலரை அங்குலம், பூச்சோடு சேர்த்தா அஞ்சு அங்குலம். செங்கல் மிச்சம், இடம் மிச்சம், காசு மிச்சம். ஆனா சுவரை நிறுத்தி வைத்த கனம் போச்சு. அந்தக் கனம் செஞ்ச வேலையை இனிமே யார் செய்யணும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாம விட்ட இடத்தில்தான் சுவருங்க விழுந்திருக்கு.

காற்று எவ்வளவு தள்ளும்னு மனுஷன் கணக்குப் போடக் கத்துக்கிட்டதும் ஒரு பெரிய துயரத்துக்கு அப்புறம்தான். ஸ்காட்லாந்தில் டே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நீளமான ரயில் பாலம். 1879 டிசம்பர் 28, ஞாயிறு ராத்திரி. புயல் காற்றில் பாலத்தின் நடுப்பகுதி, மேலே போய்க்கிட்டு இருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ஏறக்குறைய 75 பேர். ஒருத்தரும் பிழைக்கலை. விசாரணையில், பாலத்தை வடிவமைச்ச தாமஸ் பௌச் காற்றின் அழுத்தத்துக்குன்னு தனியா கணக்கு வைக்கலைங்கிறது வெளியே வந்தது. ரயில் போற பாரத்தைக் கணக்குப் பண்ணினவங்க, பக்கவாட்டில் தள்ளுறதை மறந்தாங்க. அதுக்கப்புறம் பிரிட்டனில் பாலங்களுக்கு சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம்னு விதி வந்தது. 1890-ல் திறந்த ஃபோர்த் பாலம் அந்தக் கணக்கில்தான் கட்டினது.

"அது ஸ்காட்லாந்து. நம்ம ஊர்ல ஏதுங்க புயல்?"னு கேட்கலாம். பலரும் அப்படித்தான் நம்பினாங்க. 2001 டிசம்பர் 27-ல் வாமேய் சூறாவளி பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி கூட விலகாம உருவாகி, ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. அது ரொம்ப அபூர்வம், ஒத்துக்கிறோம். ஆனா வருஷா வருஷம் வருதே சுமத்ரா காற்று, அது அபூர்வம் இல்லை. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரைக்கும், விடியறதுக்கு முன்னாடியோ காலையிலோ மேற்கே கருத்துக்கிட்டு வரும். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மரம் சாயும், தகரம் பறக்கும்.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 17-ல் தெங்கா பக்கம் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவாச்சு. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25-ல் பதிவானது 144.4 கிலோமீட்டர். மலேசியாவில் கட்டடங்களுக்கான காற்றுச் சுமைத் தரநிலை எம்.எஸ். 1553, 2002-ல் வந்தது. அதில் தீபகற்பத்தின் ஒரு மண்டலத்துக்கு நொடிக்கு 33.5 மீட்டர், இன்னொரு மண்டலத்துக்கு 32.5 மீட்டர் அடிப்படை வேகம். 33.5 மீட்டர்னா மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர்.

இந்த வேகத்தை எடையா மாத்திப் பாப்போம். கட்டடத்தின் உயரம், வடிவம், சுற்றுப்புறம்னு எஞ்சினியர்கள் இன்னும் பல எண்களால் பெருக்குவாங்க. அதையெல்லாம் விட்டுட்டு மொட்டையா கணக்குப் போட்டா:

மணிக்கு 83 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரை சுமார் 33 கிலோ எடையோடு தள்ளும்.
120 கிலோமீட்டர்னா சுமார் 70 கிலோ.
144 கிலோமீட்டர்னா சுமார் 100 கிலோ.

ஒண்ணு கவனிங்க. 83-க்கும் 144-க்கும் வேகத்தில் ரெண்டு மடங்கு கூட வித்தியாசம் இல்லை. ஆனா தள்ளுற பலம் மூணு மடங்கு. காற்றின் வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு ஆகும். "போன வருஷக் காற்றுக்கு நின்னுச்சே, இந்த வருஷமும் நிக்கும்"னு சொல்றது அதனாலதான் செல்லாது.

நம்ம மண்டபத்தின் ரெண்டு தூணுக்கு நடுவில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் சுவர்னு வைங்க. 15 சதுர மீட்டர். 120 கிலோமீட்டர் காற்றுக்கு ஒரு டன்னுக்கு மேல. ஒரு மைவி காரைப் பக்கவாட்டில் அந்தச் சுவர் மேல சாய்ச்சு வைத்த மாதிரி. அஞ்சு அங்குலச் சுவர் தனியா இதைத் தாங்குமா?

தாங்காது. தனியா, தன் கனத்தை மட்டும் நம்பி நிக்குற அரைக்கல் சுவர் இந்தக் காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம் வரைக்கும்தான் சாயாம நிக்கும். முட்டி உயரம். அதையே ஒரு கல் சுவரா, ஒன்பது அங்குலமா கட்டினா சுமார் ஆறடி வரைக்கும் வரும். தடிமன் ரெண்டு மடங்கு, உயரம் நாலு மடங்கு. ஏன்னா கனமும் கூடுது, சுவர் கால் ஊன்றுற அகலமும் கூடுது. அந்தக் காலத்துத் தடிச்சுவரின் ரகசியம் இவ்வளவுதான். "சிமெண்டுப் பிடிப்பு இருக்கே"ன்னு கேட்டா, இருக்கு. ஆனா ஈரம் ஏறாம இருக்க அடியில் ஒரு தாள் போடுறோமே, அந்த இடத்திலேயே பிடிப்பு அறுந்து போகுது. அதை நம்ப முடியாது.

சரி, மெல்லிய சுவரை எப்படி நிறுத்துறது? இதுக்கு உலகத்தில் பல ஊர்க்காரங்க பல வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ரொம்ப அழகான வழி ஒண்ணு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இருக்கு. பாம்பு போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும் தோட்டச் சுவர். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜெபர்சன் அதே மாதிரி சுவர் கட்ட வைத்தார். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கினதும் 1819-ல்தான், நாராயண பிள்ளை சிங்கப்பூரில் இறங்கின அதே வருஷம். அந்தச் சுவர் ஒற்றை வரிசைச் செங்கல்தான், ஆனா வளைவு இருக்கிறதால சாயாது. ஒரு காகிதத்தை நேரா நிறுத்தினா விழும், மடிச்சு நிறுத்தினா நிக்கும். பிள்ளைங்களுக்கே தெரியும்.

நம்ம மண்டபத்துக்கு வளைஞ்ச சுவர் கட்ட இடம் இல்லை. அதனால வரைபடத்தில் இருக்கிறது நேர்ச்சுவருக்கான வழி. ஒவ்வொண்ணா சொல்றோம்.

முதலாவது, நடுவில் வரும் கான்கிரீட் தூண். நம்ம ஊரில் ஸ்டிஃப்னர்னு சொல்வாங்க. நீளமான சுவரை இது சின்னச் சின்னத் துண்டா பிரிக்குது. காற்று தள்ளினா சுவர் அந்தத் தூண் மேல சாஞ்சுக்கும், தூண் அதைத் தரைக்கும் மேல் பீமுக்கும் கொண்டு போகும்.

ரெண்டாவது, பக்கவாட்டுப் பிடி. தூணிலிருந்து கம்பியோ தகட்டுப் பட்டையோ நீட்டிக்கிட்டு வந்து, செங்கல் வரிசைக்கு நடுவில் கலவைக்குள்ளே புதையணும். அதோடு நாலு வரிசைக்கு ஒரு தடவை எக்ஸ்மெட் வலையை நீளத்துக்கும் போட்டு வரணும். இதுதான் நீங்க கேட்ட கம்பி வலை. இது இல்லைன்னா தூண் தனியா நிக்கும், சுவர் தனியா நிக்கும். வெளியே பூச்சு பூசினா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

மூணாவது, தலைப்பிடி. சுவரின் மேல்விளிம்பு. பெரும்பாலும் கோட்டை விடுற இடம் இது. இரும்புச் சட்டமோ பீமோ காலப்போக்கில் கொஞ்சம் தொய்யும். அந்தப் பாரம் சுவர் மேல இறங்கக் கூடாதுன்னு நடுவில் சின்ன இடைவெளி விடுவாங்க. விடுறது சரி. ஆனா அந்த இடத்தில் சுவர் முன்னாடியும் பின்னாடியும் அசையாதபடி பிடி வைக்கணும். கீழே இறங்கட்டும், பக்கத்தில் நகரக் கூடாது. அதைச் செய்யாம இடைவெளியில் கலவையை அடைச்சு, கீழே சீலிங் போட்டு மறைச்சா யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணையும் சொல்லணும். காற்று வெளியிலிருந்து மட்டும் தள்ளாது. நம்ம மண்டபத்தின் முன்பக்கக் கதவுங்க விசேஷ நாளில் முழுசா திறந்திருக்கும். உள்ளே புகுந்த காற்றுக்குப் பின்னாடி வழி இல்லைன்னா அது பின்சுவரை உள்ளேயிருந்து வெளியே தள்ளும். அதே நேரம் வெளிப்பக்கம் காற்று சுவரை இழுக்கும். தள்ளுறதும் இழுக்கிறதும் ஒரே திசை. அந்தச் சுவருக்கு வெளியேதான் மடப்பள்ளிப் பாத்திரம் கழுவுற இடம். நம்ம அம்மாக்கள், அக்காக்கள் உட்கார்ந்து வேலை பாக்குற இடம்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல்னு நினைக்காதீங்க. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆக்ஸ்கேங்ஸ்னு ஒரு ஆரம்பப் பள்ளி. 2016 ஜனவரி 29, கெர்ட்ரூட் புயல். பள்ளியின் ஒரு சுவரிலிருந்து ஏறக்குறைய 9 டன் செங்கல் சரிஞ்சு விழுந்தது. காலையில் பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி நடந்ததால உயிர்ச்சேதம் இல்லை. கட்டி பத்து வருஷம் சுமாருக்குத்தான் ஆன கட்டடம் அது. அதுக்கப்புறம் மற்ற பள்ளிகளையும் சோதிச்சப்போ, ஏப்ரலில் மொத்தம் 17 பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

ஜான் கோல்ங்கிற கட்டடக்கலைஞர் தலைமையில் நடந்த விசாரணை அறிக்கை 2017-ல் வெளிவந்தது. புயல் மேல பழி போடலை. அந்தச் சுவர் ரெண்டு அடுக்கு, நடுவில் இடைவெளி. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி, செங்கல் கலவைக்குள்ளே குறைஞ்சது 50 மில்லிமீட்டர் புதைஞ்சிருக்கணும். அது சரியா புதையலை. மற்ற பள்ளிகளில் தலைப்பிடியே இல்லாத இடமும் இருந்தது. வரைபடத்தில் கம்பி இருந்தது. கடையில் வாங்கியும் வந்தாங்க. சுவருக்குள்ளே போய்ச் சேரும்போதுதான் குறைஞ்சது. மேல்பார்வைக்கு யாரும் சரியா நின்னு பாக்கலை. சுவர் மூடினதுக்கு அப்புறம் யாருக்கும் தெரிய வழியும் இல்லை.

எங்க குழுவில் பாதிப் பேர் தொழிற்சாலையில் வேலை பாக்குறவங்க. எங்களுக்கு இது நல்லா புரியும். பெட்டியை மூடி ஒட்டினதுக்கு அப்புறம் உள்ளே போல்ட் முடுக்கினாங்களா இல்லையான்னு கேட்டுப் பயன் இல்லை. மூடுறதுக்கு முன்னாடி ஒரு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடணும்.

அதனால திருப்பணிக்கு நாங்க குழுவிடம் வைத்திருக்கிற வேண்டுகோள் இதுதான். பக்கப்பிடிக் கம்பி, எக்ஸ்மெட், தலைப்பிடி ஒவ்வொண்ணும் போட்டதும், பூச்சு பூசுறதுக்கு முன்னாடி, அளவுகோல் வைத்துப் படம் எடுக்கணும். எஞ்சினியர் வந்து பார்த்த பிறகுதான் பூசணும். ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல சுவர் ஏத்தக் கூடாது. மேல் பீமும் தலைப்பிடியும் முடியுற வரைக்கும் சுவருக்கு முட்டுக் கொடுக்கணும். கலவை இறுகாத, மேலே பிடிப்பு வராத சுவர்தான் காற்றுக்கு ரொம்ப பலவீனமானது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் கயிறு கட்டி வைப்போம். தயவு செய்து தாண்டி வராதீங்க, பிள்ளைங்களையும் விடாதீங்க.

வெளி மதில் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆறடி மதிலை ஒன்பது அடியாக்கினா நல்லா மறைவா இருக்குமே"ன்னு சிலர் கேட்டாங்க. உயரம் ஒன்றரை மடங்கு ஆனா, காற்று அதைச் சாய்க்கிற பலம் ரெண்டே கால் மடங்கு ஆகும். இருக்கிற அஸ்திவாரம் அதுக்குக் கட்டினது இல்லை. அதே காரணத்துக்குத்தான் தைப்பூச நேரத்தில் மதிலில் பெரிய பேனர் கட்டவோ, தகரப் பந்தலை மதிலோடு இழுத்துக் கட்டவோ வேண்டாம்னு சொல்றோம். அது மதிலுக்குப் பாய்மரம் கட்டின மாதிரி ஆயிடும். பந்தலுக்குத் தனியா கால் ஊன்றிக்கலாம். மதிலை ஒட்டிப் பள்ளம் தோண்டுறதா இருந்தாலும் முதல்ல குழுவைக் கேளுங்க.

கடைசியா உபயம். விளக்குக்கு உபயம் வருது, மின்விசிறிக்கு வருது, டைல்ஸுக்கு வருது. எல்லாத்திலும் பெயர் போடலாம், பார்க்கிறவங்க படிப்பாங்க. ஸ்டிஃப்னர் தூணுக்கும் தலைப்பிடிக்கும் இதுவரைக்கும் ஒருத்தரும் முன்வரலை. அதில் பெயர் போட முடியாது, போட்டாலும் பூச்சுக்குள்ளே போயிடும். கோயில் கணக்குப் புத்தகத்தில் எழுதி, சங்கல்பத்தில் உங்க பெயர், நட்சத்திரம் சொல்லச் சொல்லி அர்ச்சகரிடம் கேட்டிருக்கோம். அவரும் சரின்னுட்டார்.

பணம் கொடுக்க முடியாதவங்க நேரம் கொடுக்கலாம். சுவர் எழும்புற நாட்களில் காலையும் மாலையும் ரெண்டு பேர் நின்னு பார்த்துப் படம் எடுக்கணும். படிப்பு தேவையில்லை. கம்பி கலவைக்குள்ளே போச்சா இல்லையான்னு பாக்கிற கண் இருந்தா போதும். ஞாயிற்றுக்கிழமை பூஜைக்கு அப்புறம் மண்டபத்தில் பெயர் எழுதுறோம். வாங்க.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். வேற கோயில் திருப்பணியில் இருக்கிற சொந்தக்காரங்க, நண்பர்கள் இருந்தா அவங்களுக்கும் இதைப் பகிருங்க.

— தொண்டர் குழு